எந்த உத்தரவின்படி அணைந்தாய்?

பாண்டிச்சேரி நாட்களைப் பற்றி எழுதி வருவதற்கு இந்த வாரம் ஒரு நாள் விடுப்பு. இரண்டு மாதமாக என்னை அலைக்கழித்த ஒரு சங்கதி போன வாரம்தான் தீர்ந்தது. அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்ற வேலை.

என் லேப்டாப், சார்ஜரில் மாட்டியிருக்கும் வரை சாதுவாக இருக்கும். கரண்ட் போய் பேட்டரியில் ஓட ஆரம்பித்தால் திடீரென்று திரை இருண்டுவிடும். சும்மா வைத்திருக்கும்போது அல்ல, வாக்கியத்தின் நடுவில், விரல் எழுத்தின் மேல் இருக்கும்போதே. குடிகாட்டில் மழைக்காலத்தில் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது. எதிரே சிப்காட்டில் ஜெனரேட்டர் வைத்திருக்கிறார்கள், விளக்கு எரியும். ஊருக்குள் கொசுவும் நானும்தான். அந்த நேரத்தில்தான் எனக்கு எழுத வரும். அந்த நேரத்தில்தான் இந்த இயந்திரமும் கண்ணை மூடும்.

பெங்களூரில் இருக்கும் பேரனுக்குப் போன் செய்வேன். செல்போனை எடுத்து நம்பரைப் போட்டு, அவன் எடுப்பதற்குள் திரை தானாக வந்து நிற்கும்.

"இப்ப வருதா தாத்தா?"

"வந்துடுச்சுப்பா."

"நீங்க எதையோ அமுக்கியிருப்பீங்க."

இப்படி நாலைந்து முறை. ஐந்தாவது முறை நான் போன் செய்யவில்லை. எதையோ அமுக்கும் கிழவன் என்று பெயர் எடுப்பதைவிட இருட்டில் உட்கார்ந்திருப்பது மேல்.

கடலூரில் ஒரு கடைக்குக் கொண்டு போனேன். இரண்டு நாள் வைத்திருந்தார்கள். அந்த இரண்டு நாளும் அது ஒருமுறைகூட இருளவில்லை. ஆனாலும் கடைப் பையன், "ஸ்கிரீன் வீக்கா இருக்கு சார், மாத்திடலாம், எட்டாயிரத்து ஐநூறு ஆகும்" என்றான். இருளாத திரையை ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்டேன். "வீட்டுக்குப் போனா மறுபடியும் போகும் சார்" என்றான். அந்த ஜோசியம் மட்டும் பலித்தது.

அவனை முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். என் பக்கமும் தப்பு இருக்கிறது. லேப்டாப்பின் மொழியைப் பிரெஞ்சில் வைத்திருக்கிறேன். பள்ளியில் எல்லாவற்றையும் பிரெஞ்சில் படித்தவன். முப்பத்து சொச்ச வருஷம் அரசாங்கக் கோப்புகளில் தமிழும் ஆங்கிலமும் எழுதியிருந்தாலும், பொத்தான்களில் இருக்கும் சின்னச் சின்னச் சொற்கள் எனக்கு அந்த மொழியில்தான் சட்டென்று புரியும். அந்தப் பையன் செட்டிங்ஸைத் திறந்து பார்த்திருக்கிறான், ஒரு சொல்லும் விளங்காமல் மூடியிருக்கிறான். விளங்காத இடத்தை விட்டு விளங்கிய இடத்துக்கு வந்தான். அவனுக்கு விளங்கியது ஸ்கிரீன் மாற்றுவது.

எட்டாயிரத்து ஐநூறைக் கொடுக்காமல் திரும்பி வந்தேன். பஸ்ஸில் வரும்போது யோசனை. அலுவலகத்தில் ஒரு கோப்பு மேசையிலிருந்து காணாமல் போனால் மேசையை மாற்ற மாட்டோம். யார் எடுத்தது, எந்த நாளிட்ட எந்த உத்தரவின்படி எடுத்தது என்று கேட்போம். பழுதான பொருள் கண்டபடி நடந்துகொள்ளும். இது கண்டபடி நடக்கவில்லை. கரண்ட் இருக்கும்போது ஒழுங்கு, இல்லாதபோது ஒழுங்கீனம் என்று முறை வைத்து நடக்கிறது. முறை வைத்து நடப்பதற்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு உத்தரவு இருக்கும். அதைத் தேடலாம் என்று முடிவு செய்தேன்.

முதலில் ஒரு விளக்கம். திரை இருண்டால் நாம் "அணைந்துவிட்டது" என்கிறோம். அதில் மூன்று விதம் உண்டு. திரை விளக்கு மட்டும் அணைந்து இயந்திரம் ஓடிக்கொண்டிருப்பது ஒன்று. எந்தச் சாவியைத் தொட்டாலும் அடுத்த நொடி வந்துவிடும். இரண்டாவது, ஆங்கிலத்தில் ஸ்லீப் என்பார்கள். இயந்திரம் தன் வேலையை நிறுத்திவிட்டு, நினைவில் இருப்பதை மட்டும் சிறு மின்சாரத்தில் பிடித்து வைத்திருக்கும். மூன்றாவது, உண்மையிலேயே அணைவது. மறுபடி போட்டால் கம்பெனி முத்திரையிலிருந்து ஆரம்பிக்கும்.

இந்த இரண்டாவது நிலைக்குப் பிரெஞ்சில் 'வேய்' என்று பெயர். அதன் பொருள் உறக்கம் அல்ல, அதற்கு நேர் எதிர். கண் விழித்திருத்தல், இரவுக் காவல். பண்டிகைக்கு முந்தின நாளுக்கும் அதே சொல். குழந்தைகள் தூங்கும் அறையில் விடிய விடிய எரிய விடும் சின்ன விளக்குக்கு 'வெய்யேஸ்' என்பார்கள். ஒரே நிலையை இங்கிலீஷ்காரன் தூக்கம் என்கிறான், பிரெஞ்சுக்காரன் விழிப்பு என்கிறான். இந்த விஷயத்தில் நான் பிரெஞ்சுக்காரன் கட்சி. இயந்திரம் விழித்துத்தான் இருக்கிறது. நாம் எழுதிய கடைசி எழுத்துவரை பிடித்துக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருக்கிறது. செத்துவிட்டது என்று நினைத்துக் கைவைப்பவன்தான் அதைச் சாகடிக்கிறான். இதைப் பிறகு சிதம்பரத்தில் நேரில் பார்த்தேன்.

என் விஷயத்தில் இரண்டாவது விதம் என்று கண்டுகொண்டேன். பவர் விளக்கு மெதுவாக மின்னிக்கொண்டிருந்தது. சரி, யார் உத்தரவு? விண்டோஸ் இதையெல்லாம் ஒரு நாட்குறிப்பில் எழுதி வைக்கிறது. ஈவென்ட் வியூவர் என்று பெயர். அதில் சிஸ்டம் என்ற பகுதியில், கெர்னல் பவர் என்ற தலைப்பில், 42 என்ற எண்ணிட்ட பதிவுகள். இயந்திரம் உறங்கப் போகிறது, காரணம் இன்னது என்று தேதி, மணி, நொடியோடு இருக்கிறது. என் இயந்திரத்தில் அப்படி ஒன்பது பதிவுகள். ஒன்பதிலும் ஒரே காரணம்: பொத்தான் அல்லது மூடி.

நான் பொத்தானைத் தொடவில்லை. மூடியை மூடவும் இல்லை. திறந்த மூடிக்கு முன்னால் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன். பொய்ச் சாட்சி!

கோபம் வந்தாலும் ஒரு பிடி கிடைத்துவிட்டது. பழைய பழக்கப்படி ஒரு நோட்டில் கோடு போட்டுப் பதிவேடு திறந்தேன். தேதி, மணி, பேட்டரி எத்தனை சதவீதம், என்ன செய்துகொண்டிருந்தேன், மேசையில் என்னென்ன இருந்தன. கடைசிக் கலத்தைப் பார்த்து என் மனைவி சிரித்தாள். "ஏங்க, காபி டம்ளர்கூட எழுதணுமா?" எழுதத்தான் வேண்டும் என்றேன். ஆறு பதிவு ஆனதும் நோட்டைப் பார்த்தேன். பேட்டரி எண்பதிலும் இருண்டிருக்கிறது, நாற்பதிலும் இருண்டிருக்கிறது. டம்ளர் இரண்டு முறை, கண்ணாடிக்கூடு நான்கு முறை. ஆறு முறையும் இருந்தது ஒன்றே ஒன்று: என் செல்போன்.

கரண்ட் போனால் வைஃபை பெட்டியும் போகும். அதனால் செல்போனிலிருந்து இன்டர்நெட் எடுப்பேன். போனை லேப்டாப்பின் மேலேயே, இடது கை வைக்கும் இடத்தில் வைப்பது வழக்கம். போனுக்கு மகள் வாங்கித் தந்த டைரி மாதிரியான உறை. அதன் நாக்கில் ஒரு காந்தம், டப்பென்று ஒட்டிக்கொள்ளும்.

லேப்டாப்பின் மூடி திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பதை இயந்திரம் கண்ணால் பார்ப்பதில்லை. பெரும்பாலானவற்றில் மூடியின் ஓரத்தில் ஒரு காந்தம், கீழ்ப் பகுதியில் அந்தக் காந்தத்தை உணரும் ஒரு சில்லு. எட்வின் ஹால் என்ற அமெரிக்கர் 1879-இல் கண்டுபிடித்த விளைவுதான் அதற்கு அடிப்படை. காந்தம் பக்கத்தில் வந்தால் மூடி மூடியது என்று அர்த்தம். எந்தக் காந்தம் என்று அது கேட்பதில்லை. என் போன் உறையை மூடி என்று நம்பி உறங்கப் போயிருக்கிறது. பேரனுக்குப் பேச நான் போனை எடுத்ததும் மூடி திறந்ததாக நினைத்து எழுந்திருக்கிறது. கடையில் போன் என் சட்டைப் பையில் இருந்தது. பிறகு ஏன் இருளும்?

கரண்ட் இருக்கும்போது போனை அங்கே வைத்தால் என்ன ஆகும் என்று பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. பவர் ஆப்ஷன்ஸில் போய்ப் பார்த்ததும் விளங்கியது. மூடியை மூடினால் என்ன செய்ய வேண்டும் என்று அங்கே இரண்டு விதி. பேட்டரியில் இருந்தால் உறங்கு. சார்ஜரில் இருந்தால் ஒன்றும் செய்யாதே. இரண்டாவது விதியைப் போட்டது யார் என்றால், பொங்கலுக்கு வந்து, டிவியில் மாட்டி, லேப்டாப்பை மூடி வைத்துவிட்டுப் படம் பார்த்த என் பேரன். நான் எதையோ அமுக்கவில்லை. அமுக்கியது அவன். போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "சாரி தாத்தா" என்றான். அந்த இரண்டு வார்த்தைக்கு எட்டாயிரத்து ஐநூறு தரலாம்.

இதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். வேடிக்கையாகச் சொல்லலாம் என்று சிதம்பரத்தில் இருக்கும் நண்பருக்குப் போன் செய்தேன். ஒரு காலத்தில் எனக்கு சூப்பிரண்டெண்டாக இருந்தவர், எழுபத்தொன்பது வயது. பேத்திகளுக்காகக் குடும்பக் கதையை எழுதிக்கொண்டிருந்தார். கொள்ளிடக்கரையில் பிறந்த வீடு, வெள்ளம் வந்த வருஷங்கள், அம்மா கதை. நான் சொன்னதைக் கேட்டுச் சிரிக்கவில்லை. "நான் எழுதறத விட்டுட்டேன் சார்" என்றார். மறுநாளே பஸ் ஏறினேன். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பு.முட்லூர் என்று ஊர் போகப் போக எனக்குள் ஒரு சந்தேகம். போய்ப் பார்த்ததும் அது சரியாக இருந்தது.

அவருடையதில் காந்தமும் இல்லை, ஒன்றும் இல்லை. பேட்டரியில் இருக்கும்போது மூன்று நிமிஷம் தொடாமல் இருந்தால் திரையை அணை என்ற விதி. சார்ஜரில் இருந்தால் பத்து நிமிஷம். இளைஞர்களுக்கு மூன்று நிமிஷம் நீண்ட காலம். எழுபத்தொன்பது வயதில் அம்மா கதை எழுதுபவருக்கு மூன்று நிமிஷம் என்ன நேரம்? அம்மா எந்த ஊர்ச் சந்தையில் அந்தக் குத்துவிளக்கை வாங்கினாள் என்று நினைவுக்குக் கொண்டு வருவதற்குள் போய்விடும். எழுதாமல் யோசிப்பவனை, இடத்தில் ஆள் இல்லை என்று இயந்திரம் குறித்துக்கொள்கிறது. திரை இருளும். இவர் செத்துவிட்டது என்று பயந்து பவர் பொத்தானை அழுத்திப் பிடிப்பார். அழுத்திப் பிடித்தால் உண்மையிலேயே சாகும். சேமிக்காதது போகும். நோட்பேடில் எழுதியவர், பதினொரு பக்கம் போயிருக்கிறது.

"மகன், எதையோ அழிச்சிட்டீங்கன்னு சொல்றான் சார். மருமக, டாக்டர்கிட்ட காட்டலாமாங்குறா. எனக்கே ஞாபகம் போகுதோன்னு ஆயிடுச்சு."

இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு இயந்திரத்தின் மூன்று நிமிஷக் கணக்கு, ஒரு மனிதரைத் தன் புத்தியையே சந்தேகப்பட வைத்திருக்கிறது. அதை இருபதாக மாற்ற எனக்கு ஒரு நிமிஷம் ஆகவில்லை.

பேட்டரியை மிச்சப்படுத்துவது தப்பு என்று நான் சொல்லவில்லை. லேப்டாப்பில் மின்சாரத்தை அதிகம் குடிப்பவற்றில் திரை விளக்கு ஒன்று. ஆள் இல்லாதபோது அணைப்பது நியாயம். என் வழக்கு, சொல்லாமல் அணைப்பதைப் பற்றியது. காரணத்தை நொடி சுத்தமாக எழுதி வைக்கத் தெரிந்த இயந்திரத்துக்கு, எழுந்ததும் ஒரு வரியில் அதைச் சொல்லத் தெரியாதா? "மூடி மூடியதாகத் தெரிந்தது, உறங்கினேன்." "மூன்று நிமிஷம் நீங்கள் தொடவில்லை, திரையை அணைத்தேன்." இவ்வளவு போதும். குறிப்பு எழுதிக் கோப்பை நகர்த்திவிட்டு, அந்தக் குறிப்பையும் பூட்டி வைக்கும் எழுத்தர் எங்கள் காலத்தில் இருந்திருந்தால் 17(ஏ) மெமோ நிச்சயம்.

இந்த ஊருக்கு இது புதுக் கதையும் அல்ல. 2011 செப்டம்பர் 15-இல் அரசு இலவச மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அதே வருஷம் டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் பாண்டிக்கும் நடுவே கரை ஏறியது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் சாய்ந்ததைப் போலக் கம்பங்களும் சாய்ந்தன. அடுத்த வருஷம் முழுக்க மின்வெட்டு. நெய்வேலி நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது, இருந்தும் என்ன? அந்த வருஷம் என் அக்கா பேத்திக்கு இலவச லேப்டாப் கிடைத்தது. ராத்திரி கரண்ட் போனால் அந்தத் திரை வெளிச்சத்தில்தான் பாடப் புத்தகம் படிப்பாள். இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை திரை மங்கும். படித்துக்கொண்டே சுண்டு விரலால் அதைத் தட்டிக்கொண்டிருப்பாள், தொட்டில் ஆட்டுவது போல. ஒரு விதியை மாற்றினால் போதும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அருகில் உட்கார்ந்திருந்த எனக்கும் தெரியாது. கரண்ட் போகாத ஊரில் உட்கார்ந்து விதி எழுதுபவனுக்கு பேட்டரி என்பது பயணத்தில் பயன்படுவது. நமக்கு அது சாயங்காலம்.

உங்கள் லேப்டாப்பிலும் இப்படி நடந்தால், பொத்தானை அழுத்திப் பிடிக்காதீர்கள். ஒரு சாவியை மெல்லத் தொட்டுப் பாருங்கள். உடனே வந்தால் அது நேரக் கணக்கு. செட்டிங்ஸ், சிஸ்டம், பவர் என்று போனால் பேட்டரிக்கு ஒரு நேரம், சார்ஜருக்கு ஒரு நேரம் என்று இரண்டு இருக்கும், மாற்றிக்கொள்ளலாம். சார்ஜரைப் பிடுங்கிய அந்த நொடியில் திரை சற்று மங்குவது மிச்சம் பிடிக்கும் ஏற்பாடு, நோய் அல்ல. மூடியை முன்னும் பின்னும் அசைக்கும்போது திரை துடித்தால் கீல் வழியாகப் போகும் ஒயரைச் சந்தேகிக்கலாம், அதற்குக் கடைதான். ஆனால் அது சார்ஜரில் இருந்தாலும் துடிக்கும். முழுக்க இருண்ட திரையில் டார்ச்சைச் சாய்த்து அடித்தால் உள்ளே படம் மங்கலாகத் தெரிகிறதா? அப்படியானால் போனது பின்விளக்கு. நாற்பது சதவீதம் காட்டிக்கொண்டே மொத்தமாக அணைந்தால் பேட்டரிக்கு வயதாகிவிட்டது, நம்மைப் போல. பேட்டரி உப்பி, கீழ்ப் பக்கமோ விரல் தேய்க்கும் பலகையோ மேடு தட்டினால் மட்டும் எந்த ஆராய்ச்சியும் வேண்டாம். சார்ஜ் போடாமல் நேரே கடைக்குக் கொண்டு போங்கள், அது தீப்பிடிக்கக்கூடியது.

கடைக்காரர் பொருளை மாற்ற வேண்டும் என்று சொன்னால், "சார்ஜரில் இருக்கும்போது ஏன் போகவில்லை?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதில் சொன்னால் மாற்றலாம். பிள்ளைகள் "எதையோ அமுக்கிட்டீங்க" என்றால், எதை என்று கேளுங்கள். கோபமாக அல்ல, ஆடிட் கேட்பது போல.

என் போன் உறையைக் கழற்றிவிட்டேன். மகளுக்கு வருத்தம் வராமல் இருக்க அதில் ரேஷன் கார்டையும் மருந்துச் சீட்டையும் வைத்திருக்கிறேன்.

சிதம்பரம் நண்பர் முந்தாநாள் சாயங்காலம் போன் செய்தார். அங்கே கரண்ட் போய் அரை மணி ஆகியிருந்ததாம்.

"சார், அந்தக் குத்துவிளக்கு புவனகிரியில வாங்கினது. இப்பத்தான் ஞாபகம் வந்துது."

"திரை?"

"எரியுது சார். வச்சிடறேன், எழுதணும்."